கட்டெறும்பு தேய்ந்த கதை

எங்கள் வீட்டில் ராணிப்பேட்டை என்றால் இரண்டு இடம். ஒன்று, நான் தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய், ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு வரும் ஊர். இன்னொன்று, ஹால் அலமாரியின் கீழ்த்தட்டில் கறுப்புத் துணி போர்த்திக் கிடக்கும் ஆறு அங்குலக் கண்ணாடிக் குழாய். அதற்கு அந்தப் பேர் வைத்தவள் மூன்றாவது படிக்கும் என் மகள். தேசிங்கு ராஜாவின் ராணி நினைவாகத்தான் ஊருக்கு அந்தப் பேர் வந்தது என்று அவளுடைய ஆயா கதை சொல்லியிருந்தார். ராணி இருக்கிற பேட்டை ராணிப்பேட்டை. குழாய்க்குள்ளும் ஒரு ராணி இருக்கிறாள். அவள் கணக்கு சரிதான்.

குழாயில் இருப்பது கட்டெறும்பு. வேப்பமரத்தடியில் சாரிசாரியாகப் போகுமே, அந்தப் பெரிய கறுப்பு எறும்பு. விலங்கியலில் கேம்போனோடஸ் கம்ப்ரெஸஸ் என்பார்கள்.

"எறும்பையா வளக்கறீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்பவர்களிடம் நான் பொன்வண்டு பற்றிக் கேட்பேன். நாங்கள் படித்த காலத்தில் வகுப்புக்கு நாலு பேர் பையிலாவது தீப்பெட்டி இருக்கும். உள்ளே ஒரு பொன்வண்டு, மேலே ரெண்டு இணுக்கு இலை. முட்டை போட்டுவிட்டதா என்று பாடத்துக்கு ஒருதரம் திறந்து பார்ப்போம். போட்டிருந்தால் அந்த வாரம் முழுக்க நாம்தான் ராஜா. எந்தப் பொன்வண்டும் என்னிடம் பத்து நாள் தாண்டியதாக ஞாபகம் இல்லை. இலை பிடிக்காமல் செத்தது என்றுதான் அப்போது நினைத்தேன். திறந்து திறந்து பார்த்தே கொன்றிருக்கிறோம் என்று புரிய முப்பது வருஷமும் ஒரு எறும்பும் தேவைப்பட்டது.

போன வருஷம் ஜூன் மாதம். வேலூரை வெயிலூர் என்று கேலி பேசுவார்கள், கத்திரி முடிந்தும் வெயில் முடியாத ஊர். அன்றைக்குச் சாயங்காலம் சத்துவாச்சாரி மலைப் பக்கமிருந்து காற்று கிளம்பி, அரை மணி நேரம் மழை கொட்டியது. நின்றதும் தெருவிளக்கைச் சுற்றி இறக்கைப் பூச்சிகள். ஈசல் என்றுதான் தெருவில் எல்லாரும் சொன்னார்கள். ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான். அதற்கு இடுப்பு ஒடுங்காது, நாலு இறக்கையும் ஒரே நீளம். அந்தக் கூட்டத்தில் சிலவற்றுக்கு மட்டும் இடுப்பு நூல் மாதிரி ஒடுங்கி, முன்னிறக்கை பெரிதாகவும் பின்னிறக்கை சிறிதாகவும் இருந்தது. அவை எறும்புகள்.

முதலில் பிடித்தது இறக்கையோடு இருந்த ஒன்றை. அது தப்பு. இறக்கையோடு திரிபவள் இன்னும் ஜோடி சேராதவளாக இருக்கலாம். மூன்று வாரம் குழாய்க்குள் சும்மா நடந்துவிட்டுச் செத்துப்போனாள். ஆனால் மழைக்கு மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு காம்பவுண்டுச் சுவரில் இன்னொருத்தி அவசர அவசரமாகப் போய்க்கொண்டிருந்தாள். முக்கால் அங்குலம் இருப்பாள். இறக்கை இல்லை, இருந்த இடத்தில் முதுகில் தழும்பு. இவள்தான் ராணிப்பேட்டைக்காரி.

கட்டெறும்பு ராணி குடித்தனம் தொடங்கும் முறை கொஞ்சம் பயங்கரமானது. ஜோடி சேர்ந்ததும் ஆண் செத்துவிடும். பெண் தன் இறக்கையைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு, மண்ணில் ஒரு குழி பறித்து வாசலை மூடிக்கொள்வாள். முதல் வேலைக்காரிகள் வரும்வரை சாப்பாடு தேடி வெளியே வரமாட்டாள். இனிமேல் பறக்கப்போவதில்லை, அதனால் பறக்க உதவிய தசையெல்லாம் உள்ளுக்குள்ளேயே கரையும். அதையும் உடம்புக் கொழுப்பையும் வைத்துத்தான் புழுக்களுக்கு வாயோடு வாய் ஊட்டுவாள். அன்றைக்கு ஆணிடம் வாங்கிய விந்தை வயிற்றில் ஒரு பையில் சேமித்து, ஆயுசு முழுக்க அதிலிருந்தே எடுத்துச் செலவு செய்வாள். சின்ன ஆயுசும் இல்லை. ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று வளர்ப்பில் 28 வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது.

ஆக, வளர்ப்பவன் முதல் ஒன்றரை மாதம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. இருட்டு, ஈரம், அமைதி. ஆற்காடு ரோட்டில் மருத்துவமனைப் பக்கம் லேப் சாமான் விற்கும் கடையில் சோதனைக் குழாய் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, பஞ்சை அழுத்தமாக உள்ளே தள்ளி, தண்ணீர் பஞ்சில் மட்டும் ஊறி நிற்கும்படி செய்ய வேண்டும். நடுவில் ராணி. வாய்ப்பக்கம் இன்னொரு பஞ்சு. அவ்வளவுதான். மண் இல்லை, கூடு இல்லை.

ஒன்றுமே செய்யாமல் இருப்பது என்னால் முடியவில்லை.

மூன்றாம் நாள் ஏழு முட்டை. ஒவ்வொன்றும் ரவை மாதிரிதான் இருக்கும். பாகு தடவினாற்போல ஒட்டி ஒரு குவியலாக இருந்தது. வேலைக்குப் போகும்முன் ஒருதரம், வந்ததும் ஒருதரம், ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினேன். ஆறாம் நாள் முட்டை நாலு. எட்டாம் நாள் ஒன்றுமில்லை. தின்றுவிட்டாள். வெளிச்சமும் அதிர்வும் இருக்கும் இடம் பிள்ளை வளர்க்கத் தகுந்த இடமில்லை என்று முடிவு செய்தால் ராணி முட்டையைத் தின்று, அந்தச் சத்தைத் திரும்ப உடம்பில் சேர்த்துக்கொள்வாள். அவளுக்கு அது நஷ்டக் கணக்கு இல்லை. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுவோம் என்று பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவை அடுக்குக்குப் பின்னால் வைத்தேன். இருட்டு, யாரும் அடிக்கடி திறப்பதில்லை. இரண்டாம் நாள் என் சட்டையை எடுக்கத் திறந்தபோதுதான் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. பூச்சி வரக்கூடாது என்று போட்டு வைத்திருக்கும் உருண்டைக்குப் பக்கத்தில் பூச்சியைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறேன். ராணி உயிரோடுதான் இருந்தாள், கால்களைக் கொஞ்சம் தாமதமாக நகர்த்தினாள். குழாயை வெளியே எடுத்தேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. பட்டுப்புடவை பீரோவில் எறும்பு வைத்த விஷயம் இதைப் படித்தால்தான் தெரியும், அவர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அடுத்த இடம் மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரி. இங்கேதான் வேலூர் தன் குணத்தைக் காட்டியது. அது மேற்குப் பார்த்த சுவர். மத்தியானம் மூன்று மணிக்குக் கை வைத்தால் தோசைக்கல். குழாயின் அடிப்பக்கம், தண்ணீருக்குப் பின்னால், எப்போதும் கொஞ்சம் காற்றுக்குமிழி மாட்டியிருக்கும். சூடேறினால் அந்தக் காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் போக இடம் பஞ்சு வழியாக இந்தப் பக்கம்தான். ராத்திரி குளிரும், பகலில் மறுபடி தள்ளும். மூன்று வாரம் விட்டுப் பார்ப்பது என்று வைராக்கியமாக இருந்தவன், இருபத்திரண்டாம் நாள் துணியை விலக்கியபோது குழாயில் பாதிக்கு வெள்ளம்.

அதற்குள் அவள் மறுபடி முட்டையிட்டு, அவை புழுவாகி, சில கூடும் கட்டியிருந்தன. எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை வரும் என்று ஊரில் சொல்வார்கள். அதில் முட்டை என்கிறோமே, அரிசி மாதிரி வெளுப்பாக வாயில் கவ்விக்கொண்டு ஓடுமே, அது முட்டையே இல்லை, கூட்டுப்புழு. கட்டெறும்பின் புழு தன்னைச் சுற்றிப் பட்டு நூலால் கூடு நெய்துகொண்டு உள்ளே உருமாறும். இவள் அந்தக் கூடுகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கொண்டுபோய் வாய்ப்பக்கப் பஞ்சை ஒட்டி மேட்டில் அடுக்கி வைத்திருந்தாள். திட்டை ஏறிவிட்டாள், மழைக்கு அப்புறம். இரண்டு கூடுகள் மட்டும் தண்ணீரில் மிதந்தன.

புதுக் குழாய் தயார் செய்து, வாயோடு வாய் வைத்து டேப் சுற்றி, பழையதன் மேல் வெளிச்சம் படவிட்டேன். தட்டிக் கொட்டி மாற்றக்கூடாது என்பதை மட்டும் அதற்குள் கற்றிருந்தேன். இரண்டு நாளில் தானாகவே மாறினாள். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போனாள். அதன்பின் குழாயை வைத்தது ஹாலில், அலமாரியின் கீழ்த்தட்டில், தரையோடு தரையாக. எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க ஓரளவு ஒரே சூடாக இருக்கும் இடம் அதுதான். சமையல்கட்டுப் பூனை இதை எப்போதோ கண்டுபிடித்துப் படுத்திருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

43-ஆம் நாள் முதல் வேலைக்காரி. கூடு கிழிந்து, வெளிறிய தேன் நிறத்தில், நிற்கத் தெரியாமல் நின்றாள். அம்மாவில் மூன்றில் ஒரு பங்கு இருப்பாள். முதல் ஈட்டில் வருபவர்கள் எல்லாருமே குட்டையாகத்தான் இருப்பார்கள். ஒரே ஆளின் சேமிப்பில் ஐந்து பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்றால் அளவில்தானே குறைக்க முடியும்? ஐந்து நாளில் ஐந்து பேர் ஆனார்கள்.

இப்போதுதான் சாப்பாடு தேவை. நான் ஒரு சொட்டுத் தேன் விட்டேன். ஒரு சொட்டுதான். அவர்கள் உயரத்துக்கு அது பாலாற்று வெள்ளம். ஒருத்தி குடிக்கப் போய் முன்கால் ஒட்டி, முகம் ஒட்டி, காலையில் பார்த்தால் தேனுக்குள் அழகாக நீட்டிப் படுத்திருந்தாள். மகள் அன்றைக்கு ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்றாள். நான் போய்விட்டேன், ஆனால் அன்றைக்கு எழுதிய கணக்கில் இரண்டு இடத்தில் தப்பு.

அதற்கப்புறம் ஒரு துளிப் பஞ்சை உருட்டி, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து வைப்பதுதான். பண்டிகைக்கு வந்த ஆற்காடு மக்கன் பேடாவின் பாகைத் தண்ணீர் விட்டு நெகிழ்த்திக் கொடுத்துப் பார்த்தேன். மற்ற எதற்கும் இல்லாத கூட்டம் அதற்கு. வயிறு கண்ணாடி மணி மாதிரி உப்பும்வரை குடித்துவிட்டுப் போய் மற்றவர்களுக்கு வாயில் கொடுத்தார்கள். எறும்புக்கு வயிறு இரண்டு. முன்னால் இருப்பது ஊருக்கு, பின்னால் இருப்பது தனக்கு.

புழுக்களுக்குப் புரதம் வேண்டும். அதற்குக் கொசு பேட்டில் மாட்டும் கொசுவைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சுட்ட கறி, விஷம் இல்லாதது. மருந்து அடித்துச் செத்த கரப்பானின் காலைக்கூடக் கொடுக்கக்கூடாது. ஹாலில் கொசு மருந்து லிக்விட் மாட்டுவதையும் நிறுத்தினோம், அது கொசுவுக்கு மட்டும் என்று பார்த்துப் பார்த்து வேலை செய்யாது. ஆக, எறும்பு பிழைக்க வேண்டும் என்று நாங்கள் கொசுக்கடி வாங்கினோம், எங்களைக் கடித்த கொசுவை அடித்து எறும்புக்குப் போட்டோம். இந்த வட்டத்தை யோசித்துச் செய்யவில்லை, தானாக அமைந்தது. கட்டெறும்புக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. அதன் குடலில் பரம்பரையாக வாழும் ஒரு பாக்டீரியா, சாப்பாட்டில் குறையும் அமினோ அமிலங்களைத் தயாரித்துக் கொடுக்கிறது. தாயிடமிருந்து முட்டை வழியாகவே பிள்ளைக்கு வந்துவிடும். 1880-களில் அதைக் கண்ட ஜெர்மானியர் பிளாக்மன் பேரில் பிளாக்மேனியா என்கிறார்கள். கொசு கிடைக்காத வாரத்திலும் புழுக்கள் தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

அக்டோபர் கடைசியில் பதினாலு பேர். எனக்கு மிதப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் போட்டோ காட்டும் அளவுக்கு.

நவம்பரில் மழை பிடித்தது. மழை பிடித்தால் சித்தெறும்பு வீட்டுக்குள் வரும், இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் முந்தின ராத்திரி பாகு நனைத்த பஞ்சை வைக்கும்போது குழாயின் வாயில் கொஞ்சம் ஈஷிக்கொண்டதை, காலையில் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் அலமாரிக் காலிலிருந்து குழாய்வரை சிவப்பாக நூல் பிடித்தமாதிரி ஒரு கோடு. பஞ்சை எடுத்ததும் மூக்கைத் தாக்கிய காரமான வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. எங்கள் கம்பெனிக் கிடங்கில் கேன் கேனாக நிற்கிறது. தோலுக்குச் சாயம் ஏற்றிய பிறகு அது பிடித்து நிற்பதற்காக ஊற்றுவார்கள். ஃபார்மிக் அமிலம். வாங்கிய கணக்கை மாதாமாதம் நான்தான் எழுதுகிறேன். ஃபார்மிகா என்றால் லத்தீனில் எறும்பு, 17-ஆம் நூற்றாண்டில் எறும்புகளைக் காய்ச்சி வடித்தே அதை எடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் என் கைக்குள் இருக்கும் பதினாலு எறும்பு சேர்ந்து, கிடங்கு வாசனையைக் கொண்டுவர முடியும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. கட்டெறும்புக்குக் கொடுக்கு இல்லை. கடித்துவிட்டு, வயிற்று நுனியை வளைத்து அந்தக் காயத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். திறந்த வெளியில் அது ஆயுதம். அடைத்த குழாய்க்குள் பீய்ச்சினால் ஆவி அவர்களையே மடக்கிப் போடும். சண்டையில் செத்தது எத்தனை, தன் அமிலத்திலேயே செத்தது எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

குழாயை அப்படியே ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன், மூன்று நிமிஷம். குளிரில் இரண்டு கட்சியும் மந்தமாகும், பிரித்து எடுக்கலாம் என்று. அம்மா தயிர் எடுக்க வந்தவர் நின்றார்.

"இன்னாடா அது?"

"ராணிப்பேட்டை."

"தயிரு பக்கத்துலயா?"

"மூணே நிமிஷம்மா."

ஒன்றும் சொல்லாமல் தயிரை மேல்தட்டுக்கு மாற்றினார். மகளின் பெயின்ட் பிரஷ்ஷை நனைத்து, ஒவ்வொரு சித்தெறும்பாகத் தொட்டுத் தொட்டு எடுத்தோம். மகள் எண்ணினாள், 61. முடிந்தபோது மிச்சம் ராணி, இரண்டு வேலைக்காரிகள். ராணிக்கு இடது பின்னங்கால் ஒன்று பாதி இல்லை. முட்டை, புழு, கூடு எதுவும் இல்லை, எல்லாவற்றையும் தூக்கிப் போயிருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தால், அலமாரியைச் சுற்றி வெள்ளையாகப் பட்டையாகக் கோடு. எறும்புச் சாக்பீஸ். "உன் எறும்புகிட்ட வேற எறும்பு வரக்கூடாதுன்னு போட்டேன்" என்றார் அம்மா. அத்தனை நாள் எறும்பு வளர்ப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர், முதல்முறையாக அதற்காகக் குனிந்து வேலை செய்திருக்கிறார். அந்தத் தூள் எந்த எறும்பு என்று கேட்டுக் கொல்லாது. அவர் தூங்கிய பிறகு ஈரத்துணியால் மூன்று தரம் துடைத்தேன். காலையில், "துடைச்சிட்டியா, சரி, அது நல்லதில்லையா இன்னா?" என்று அவரே கேட்டார்.

அதன்பின் செய்தது பாட்டி காலத்து ஏற்பாடு. சர்க்கரை டப்பாவையும் பால் பாத்திரத்தையும் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே. எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீர், நடுவில் கவிழ்த்த கிண்ணம், அதன் மேல் குழாய். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் லிக்விட், இல்லாவிட்டால் சித்தெறும்பு தண்ணீர் மேலேயே நடந்து வந்துவிடும். எறும்பிடமிருந்து சர்க்கரையைக் காக்கும் வித்தை எறும்பிடமிருந்து எறும்பைக் காக்கவும் உதவுகிறது. வேலூர்க்காரனுக்கு அகழி பற்றி இவ்வளவு தாமதமாகத் தோன்றியதுதான் வெட்கம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கதையே அதுதானே: மழைத்தண்ணீர் சூழ்ந்து நின்ற ஒரு பெரிய புற்று, அந்த இடத்தில் லிங்கம், பிறகு கோயில். புற்று கரையான் கட்டியதாக இருக்கும், எறும்பு இல்லை. இருந்தாலும் என் தாம்பாளத்தைப் பார்க்கும்போது அந்தக் கதை ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

டெங்குவுக்காக வீடு வீடாகத் தண்ணீர் பார்க்கும் அக்கா ஒருநாள் வந்தார். பூந்தொட்டி, ஃபிரிட்ஜ் பின்பக்கத் தட்டு எல்லாம் பார்த்துவிட்டு அலமாரியிடம் நின்றார்.

"இது இன்னா தண்ணி சார்? தேங்க விடக்கூடாது."

"சோப்புத் தண்ணிக்கா. உள்ள எறும்பு கீது, அதுக்கு."

"எறும்பு வராம இருக்கவா?"

"எறும்புக்கு எறும்பு வராம இருக்க."

டார்ச் அடித்துத் தண்ணீரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கதவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

டிசம்பரில் இருந்த இரண்டு வேலைக்காரிகளில் ஒருத்தியும் போனாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது என்பார்கள். கட்டெறும்பே தேய்ந்தால் என்ன ஆகும் என்று பழமொழியில் இல்லை. ராணி, ஒரு வேலைக்காரி, நாலு முட்டை. ராத்திரியில் குளிர் வேறு, முட்டை நகரவே இல்லை. ராணி முதல்தடவை மாதிரி இல்லை, தசைச் சேமிப்பெல்லாம் முதல் ஈட்டுக்கே செலவாகிவிட்டது. இப்போது ஊட்ட ஆள் வேண்டும், ஆளை உண்டாக்க ஊட்ட வேண்டும். கம்பெனியில் இதை நடைமுறை மூலதனம் இல்லாத நிலை என்போம்.

இதற்கு ஒரு வழி உண்டு என்று தெரிந்தே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். எறும்பு ஆளை வாசனையால் அடையாளம் காணும். வளர்ந்த எறும்பை வேறு கூட்டில் விட்டால் கொன்றுவிடும். ஆனால் கூட்டுப்புழுவை, அதே இனமாக இருந்தால், பெரும்பாலும் தன் பிள்ளையாகவே எடுத்துக்கொள்ளும். பிறந்து வருபவள் அந்த வீட்டு வாசனையோடே வளர்வாள். அதாவது வேறு ஒரு கூட்டிலிருந்து பிள்ளைகளைத் திருடிக் கொடுக்க வேண்டும். என் ஆசைக்காக நன்றாக இருக்கும் ஒரு கூட்டைத் தோண்டுவதா? அது எனக்கு ஒப்பவில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், வெள்ளையடிக்கப் பின்பக்கம் ஒழித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டில், பழைய துவைக்கிற கல்லைப் புரட்டினார்கள். அடியில் ஒரு கட்டெறும்பு ஊரே இருந்தது. பெரிய தலை எறும்புகள் வாயைத் திறந்துகொண்டு நிற்க, மற்றவை கூடுகளைக் கவ்விக்கொண்டு நாலாப்பக்கமும் ஓடின. பக்கத்து வீட்டு அக்கா வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் இருக்கா" என்று ஓடிப்போய் ஸ்பூனும் டம்ளரும் எடுத்து வந்தேன். கைக்குக் கிடைத்தது பன்னிரண்டு கூடு, நாலு கடி. அக்காவிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கினேன், அதற்குள் பெரும்பாலான எறும்புகள் கூடுகளோடு மதில் பக்கம் போய்விட்டன. சுடுதண்ணீர் அப்புறம் தேவைப்படவில்லை. இதை வைத்து என் திருட்டை நியாயப்படுத்திக்கொள்கிறேன் என்று எனக்கே தெரியும்.

பொறுக்கும்போதே பெரிய கூடுகளை விட்டுவிட்டேன். முதலில் நாலே நாலு வைத்தேன். ஒரே வேலைக்காரி வந்து உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்த்தாள். பின்வாங்கினாள். மறுபடி தட்டினாள். பத்து நிமிஷம் இப்படியே. அப்புறம் ராணியே அரைக்காலை இழுத்துக்கொண்டு வந்தாள், ஒன்றைக் கவ்வினாள், பஞ்சுப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததற்கு வந்தாள். மீதி எட்டையும் மறுநாள் கொடுத்தேன். துணியைப் போர்த்தினேன். பத்து நாள் தொடவில்லை. நிஜமாகவே தொடவில்லை. சாவியை அம்மாவிடம் கொடுத்துப் பூட்டச் சொன்னேன்.

பதினோராம் நாள் அம்மாதான் திறந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எண்ணினார். "ஏழு கீது. ஒண்ணு வெள்ளையா கீது, நோவு கண்டுதா இன்னாவோ." அது நோவு இல்லை, அன்றைக்குப் பிறந்தவள். இரண்டு கூடுகள் கடைசிவரை திறக்கவே இல்லை. ஒன்றிலிருந்து மட்டும், சின்னது என்று நான் பொறுக்கியதையும் மீறி, பெரிய தலைக்காரி ஒருத்தி வந்தாள். அந்தக் குட்டிக் கூட்டத்தில் அவள் பஸ் மாதிரி இருந்தாள். நாலு பேர் சாப்பாட்டை ஒருத்தி சாப்பிட்டாள். அம்மா அவளைத் "தலைவரு" என்பார். மகள் ஒவ்வொரு தடவையும் "தலைவி, ஆயா. எல்லாம் பொண்ணுங்கதான்" என்று திருத்துவாள்.

இப்போது மே. வெளியே வெயில் நாற்பதைத் தாண்டுகிறது, குழாய்க்குள் வேகம் பிடித்துவிட்டது. எழுபது சொச்சம் பேர். சரியாக எண்ண முடிவதில்லை, அதுவே எனக்குச் சந்தோஷம். ஐந்து பேரில் தொடங்கிய கூட்டம் எண்ண முடியாமல் போவது.

குழாயில் தண்ணீர் தீரப்போகிறது, பஞ்சும் கறுத்துவிட்டது. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பெரிய குழாய் ஒன்றை ஒட்டி வைத்தேன். முதல் இரண்டு நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் தலைக்காரி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நேற்று ராத்திரி கூடுகளைக் கொண்டுபோகத் தொடங்கிவிட்டார்கள். சிவப்புக் கலர் பேப்பர் சுற்றிய டார்ச்சில் பார்த்தேன், சிவப்பு வெளிச்சம் அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. வேலைக்காரி ஒருத்தி ராணியின் தாடையைக் கவ்விப் பின்னோக்கி இழுக்கிறாள், ராணி இரண்டு அடி வைத்துவிட்டு நின்றுவிடுகிறாள். விட்டதும் திரும்பப் பழைய இடத்துக்குப் போய்விடுகிறாள்.

வேலப்பாடியில் இருபத்திரண்டு வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டை விட்டு நாங்கள் சத்துவாச்சாரிக்கு வந்தபோது, சாமான் வண்டி இரண்டு நடை போய் வந்த பிறகும் அம்மா அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். நான்தான் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

காலையில் காபி கொண்டுவந்தவர் கேட்டார்: "இன்னா, எல்லாரும் வீடு மாறிட்டாங்களா?"

"மாறிட்டாங்க. ராணி மட்டும் வரமாட்டேங்குது."

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, துணியைக் கொஞ்சமாக விலக்கிப் பார்த்தார்.

"வரும், வரும்" என்றார். "புடிச்சி இழுக்காதீங்கடா அத்த."